குஜ்ரால் சதாமைக் கட்டிப்பிடித்தது தப்பா? 1990 குவைத் விஷயத்தில் ஒரு சந்தேகம்

அறந்தாங்கிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நடந்த சண்டையிலிருந்து வந்த கேள்வி இது.

அப்பா 1983இலிருந்து குவைத்தில் எலக்ட்ரீஷியன், சால்மியாவில் ஆறு பேரோடு ஒரு ரூம். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை உள்ளே புகுந்தபோது அங்கேதான் இருந்தார். ஏழு வாரம் கழித்து ஈராக்கின் பஸ்ரா, பாக்தாத், ஜோர்டானின் அம்மான் என்று சுற்றி, ஏர் இந்தியாவில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு ரெக்ஸின் பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு டெஸ்டர், யாரும் மாற்றித் தராத தினார் நோட்டுகள். அந்த டெஸ்டரை இன்னும் வைத்திருக்கிறார்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னான் என்றால், ஒரு நாட்டை இன்னொரு நாடு முழுசாக விழுங்கியபோதுகூட நம் அரசாங்கம் வாய் திறக்கவில்லை, திறக்காதது மட்டுமில்லை, வெளியுறவு மந்திரி குஜ்ரால் போய் சதாமைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தார், 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த விஷயத்திலும் அதே கதைதான், நமக்கு முதுகெலும்பே கிடையாது என்று. அப்பா தட்டிலிருந்து கையை எடுத்து, "வாயைத் திறந்திருந்தா நான் இங்க உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு அப்போது நாலு வயசு, எதுவும் ஞாபகமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அன்றைக்கு இந்தியா வாயை மூடிக்கொண்டதால்தான் நம் ஆட்கள் தப்பித்தார்களா, இல்லை, எப்படியும் வந்திருப்பார்களா?

பழையபேப்பர்:

நல்ல கேள்வி தம்பி. அந்தக் காலத்தில் தினமும் இரண்டு பேப்பர் வரி விடாமல் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் டெல்லி எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். வி.பி. சிங் ஆட்சி, சொந்தப் பெரும்பான்மை இல்லாத அரசு. ஈராக் குவைத்துக்குள் போனது ஆகஸ்ட் 2, மண்டல் இடஒதுக்கீடு அறிவிப்பு ஆகஸ்ட் 7. வட இந்தியாவே பற்றி எரிந்துகொண்டிருந்தது, காஷ்மீர் ஒரு பக்கம், பஞ்சாப் ஒரு பக்கம். அந்தக் களேபரத்தில் யாருக்கு வளைகுடா ஞாபகம்? ஆனால் குவைத்தில் நம் ஆட்கள் சுமார் 1,70,000 பேர். கேரளத்தில் ஒவ்வொரு ஊரிலும் அழுகை, நம் பக்கம் கீழக்கரை, காயல்பட்டினம், உங்கள் அறந்தாங்கி வட்டாரமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குஜ்ரால் கிளம்பி வாஷிங்டன், மாஸ்கோ, அம்மான் எல்லாம் போய், பாக்தாத்தில் சதாமைப் பார்த்து, குவைத்துக்குள்ளும் போனார். திரும்பும்போது கொஞ்சம் பேரை விமானப்படை விமானத்திலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டிப்பிடித்த படம் உலகம் முழுக்கப் போய்விட்டது. சதாம்தான் தன்னை அணைத்துக்கொண்டார் என்று குஜ்ரால் பின்னால் விளக்கம் சொன்னார். அதுவும் நியாயம்தான், இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கிற மனுஷன் வந்து அணைத்தால் தள்ளிவிடவா முடியும்? ஆனாலும் படம் படம்தானே.

பயம் ஒன்று மட்டும் காரணமில்லை. காஷ்மீர் விஷயத்தில் நமக்கு ஆதரவாகப் பேசிய மிகச் சில அரபு நாடுகளில் ஈராக் ஒன்று. எண்ணெயும் அங்கிருந்து வந்தது, நம் கம்பெனிகளுக்கு அங்கிருந்து வரவேண்டிய ஒப்பந்தப் பாக்கியும் நிறைய. அதனால் படையெடுப்பைக் கடுமையாகக் கண்டிக்காமல், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பட்டும் படாமலும் ஓர் அறிக்கை. குவைத்தில் இருக்கும் தூதரகங்களை எல்லாம் மூடச் சொல்லி ஈராக் உத்தரவு போட்டதும் நம் தூதரகத்தை பஸ்ராவுக்கு மாற்றிவிட்டோம். அதைத்தான் குவைத்திகள் மறக்கவில்லை என்பது என் எண்ணம், கட்டிப்பிடித்ததை அல்ல.

ஆட்களைக் கொண்டுவந்ததில் மட்டும் குறை சொல்ல முடியாது. அம்மானிலிருந்து ஏர் இந்தியா 59 நாளில் 488 தடவை பறந்தது, 1,11,000 பேருக்கு மேல். கின்னஸில் இருக்கிறது.

மூணாவதுபெஞ்ச்:

பழையபேப்பர் சார் சொன்ன விவரமெல்லாம் சரி. ஆனால் தம்பி கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

எகிப்துக்காரர்கள் ஈராக்கிலும் குவைத்திலும் நம்மைவிட அதிகம் பேர் இருந்தார்கள். எகிப்து கண்டித்தது, சதாமுக்கு எதிராகப் படையும் அனுப்பியது. பாகிஸ்தானும் பங்களாதேஷும் சவூதிக்குச் சிப்பாய்களை அனுப்பின. அவர்களுடைய தொழிலாளிகள் என்ன ஆனார்கள்? அவர்களும் அதே பாலைவன ரோட்டில், அதே ஜோர்டான் எல்லைக் கூடாரத்தில், தம்பியோட அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சதாம் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்தது அமெரிக்கர், ஆங்கிலேயர், இன்னும் சில பணக்கார நாட்டுக்காரர்களை. அவர்களையும் டிசம்பரில் விட்டுவிட்டார். ஏழை நாட்டுக் கூலிக்காரர்களைப் பிடித்து வைத்து அவர் என்ன செய்வார், மூணு வேளை சோறு போடுவாரா? போனால் போகட்டும் என்றுதான் விட்டார்.

அப்புறம் இன்னொன்று. 1962இல் சீனா உள்ளே வந்தபோது அணிசேரா நண்பர்கள் நமக்காக வாய் திறப்பார்கள் என்று நேரு எதிர்பார்த்து ஏமாந்த கதை எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலானவர்கள் இரண்டு பக்கத்தையும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்றைக்கு நமக்கு வலித்தது. 1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கி புகுந்தபோது ஐ.நா.வில் நாம் எதிர்த்து ஓட்டுப் போட்டோம், யாருக்கு எதிராக? ஹங்கேரியில் தேர்தல் நடத்தச் சொன்ன தீர்மானத்துக்கு எதிராக! அதே வாரத்தில் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கிய பிரிட்டனைக் கிழி கிழி என்று கிழித்தோம். அடிக்கிறவன் நண்பனாக இருந்தால் நமக்குக் கண் தெரியாது. மச்சான் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஃபஹாஹீல்தம்பி:

நான் இப்போது குவைத்தில்தான் இருக்கிறேன், பதினஞ்சு வருஷமாக. இங்கே எங்கள் கம்பெனி முதலாளி, வயசானவர், நல்ல மனுஷன். ஒரு நாள் டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்: "1990ல் எங்கள் வீட்டை ஈராக்கிகள் சூறையாடினபோது உங்கள் மந்திரி அவனைக் கட்டிப்பிடித்தாரே, ஞாபகம் இருக்கா?" எனக்கு அப்போது பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்ன சொல்ல? "மாலும் நஹி அர்பாப்" (தெரியாது முதலாளி) என்று சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன்.

ஆனால் அவர்கள் நம்மை வேலைக்கு எடுக்காமல் இல்லை. இன்றைக்கு இங்கே பத்து லட்சம் இந்தியர்கள், வெளிநாட்டவர்களில் நாம்தான் அதிகம். அரசாங்க அளவில் மட்டும் கொஞ்சம் இழுவை இருந்ததா என்றால், இருந்தது போலத்தான் தெரிகிறது. 1981இல் இந்திரா காந்தி வந்தார், அதற்கப்புறம் 2024 டிசம்பரில் மோடி வந்தார். நடுவில் 43 வருஷம் ஒரு பிரதமர்கூட வரவில்லை. அதற்கு 1990 மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நாலு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கிற ஊர் இது.

சுமிஅக்கா:

என் தங்கை மகன் 2022இல் உக்ரைனில் சுமி நகரத்தில் மெடிக்கல் படித்தான், அதனால்தான் இந்தப் பெயரில் எழுதுகிறேன். ஹாஸ்டலில் தண்ணீர் இல்லாமல் மொட்டைமாடிப் பனியை வாளியில் அள்ளி உருக்கிக் குடித்தார்கள். ஐ.நா.வில் இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதை டிவியில் பார்த்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை, "அப்பாடா" என்றுதான் இருந்தது. நம் பிரதமர் இரண்டு பக்கத்துத் தலைவரோடும் போனில் பேசினார், மார்ச் 8ஆம் தேதி சுமார் 700 பிள்ளைகளைப் பஸ்ஸில் பொல்தாவா கொண்டுபோனார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் கார்கிவில் கர்நாடகப் பையன் ஒருவன் சாப்பாடு வாங்க வரிசையில் நின்றபோது குண்டு விழுந்து இறந்துபோனான்.

முதுகெலும்பு பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தால் அப்போது பேசட்டும்.

மூணாவதுபெஞ்ச்:

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் சுமிப் பிள்ளைகள் மார்ச்சிலேயே வந்துவிட்டார்களே. அதற்கப்புறமும் வருஷக்கணக்காக ஒதுங்கி நின்றது யாரைக் காப்பாற்ற? ரஷ்ய எண்ணெய் போருக்கு முன்னால் நம் இறக்குமதியில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை, பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. எண்ணெய் மலிவு, வாங்கினோம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளைகள் பெயரைச் சொல்லி மூடக்கூடாது, அவ்வளவுதான்.

பழையபேப்பர்:

பெஞ்ச் தம்பி எகிப்தைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், இரண்டு நாளாக யோசித்தேன், பதில் கிடைக்கவில்லை. அனுமதி கிடைத்திருக்கும், ஆனால் நம் அதிகாரிகள் பாக்தாத்திலும் பஸ்ராவிலும் உட்கார்ந்து பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டது, உணவுக் கப்பல் குவைத்துக்குப் போனது, இதெல்லாம் பேச்சுவார்த்தை இருந்ததால்தான் சுலபமாக நடந்தது. அந்த அளவுக்குத்தான் நான் சொல்வேன்.

நான் சொல்லாமல் விட்ட பாதிக் கதை ஒன்று உண்டு, யாரும் அதைப் பேசுவதில்லை. அந்த நடுநிலை எத்தனை நாள் நின்றது? ஐந்து மாதம். நவம்பரில் வி.பி. சிங் போய் சந்திரசேகர் வந்தார், காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு. ஜூலையில் பீப்பாய் 20 டாலருக்குக் கீழே இருந்த எண்ணெய் அக்டோபரில் 40ஐத் தாண்டியிருந்தது, குவைத்திலிருந்து வரும் மணியார்டர் பணம் நின்றுபோயிருந்தது, கஜானாவில் அன்னியச் செலாவணி சுமார் 120 கோடி டாலர்தான். 1991 ஜனவரியில் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப். சுமார் 180 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதே ஜனவரியில் பிலிப்பைன்ஸிலிருந்து வளைகுடாவுக்குப் போகிற அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும் நம் மீனம்பாக்கத்திலும் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயின. ஆகஸ்டில் சதாமின் மனசு கோணாமல் பார்த்துக்கொண்டவர்கள், ஜனவரியில் சதாம் தலையில் குண்டு போடப் போகிறவர்களுக்கு எண்ணெய் ஊற்றினோம்! விஷயம் வெளியே வந்ததும் ராஜீவ் காந்தி கடுமையாக எதிர்த்தார், பிப்ரவரியில் நிறுத்தினார்கள். மார்ச்சில் சந்திரசேகரே ராஜினாமா செய்துவிட்டார், அது வேறு காரணம்.

ஐ.நா. ஓட்டையும் பாருங்கள். 1991 ஜனவரியில்தான் பாதுகாப்புக் கவுன்சிலில் நமக்கு இடம் கிடைத்தது. மார்ச்சில் ஈராக்குக்குப் போர்நிறுத்த நிபந்தனைகள் போட்ட 686ஆம் தீர்மானத்தில் ஒதுங்கினோம். ஏப்ரல் 3ஆம் தேதி 687 வந்தது, ஈராக்கின் கையைக் காலைக் கட்டிப்போட்ட தீர்மானம் அது, அதற்கு ஆதரவாகக் கை தூக்கினோம். முந்தைய நவம்பரில் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானத்தை எதிர்த்த ஏமனுக்கு அமெரிக்கா உதவியை வெட்டியதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். ஜூலையில் நம் தங்கம் 47 டன் லண்டன் பக்கமும் ஜப்பான் பக்கமும் அடகுக்குப் போனது. அடகுக்கடை வாசலில் நிற்கிறவனிடம் கொள்கை கேட்டு என்ன பிரயோஜனம்?

அதனால் மச்சானிடம் சொல்லுங்கள், முதுகெலும்பு இருந்ததா இல்லையா என்பதைவிட, மடியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் அந்த ஒரு வருஷம் முழுசாகப் புரியும். 2003இல் ஈராக்குக்குச் சிப்பாய் அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டபோது வாஜ்பாய் அரசு முடியாது என்றது. அப்போது கஜானா நிறைந்திருந்தது.

அறந்தாங்கிக்காரன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எகிப்துக்காரர் பற்றி வந்ததும், "ஆமா, கூடாரத்துல பக்கத்துல இருந்தவன் எகிப்துக்காரன்தான், குப்பூஸ் ரொட்டிய ரெண்டாப் பிச்சு குடுத்தான்" என்றார். அவ்வளவுதான், மச்சான் ஜெயித்தான் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

687 என்றதும் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழைய கவர் எடுத்து வந்தார். அந்தத் தீர்மானத்தில்தான் ஈராக் நஷ்டஈடு தர வேண்டும் என்று வந்ததாமே? ஈராக் எண்ணெய் விற்ற காசிலிருந்து ஐ.நா. மூலமாக அப்பாவுக்கு 4,000 டாலர், இரண்டு தவணையாக, தொண்ணூறுகளின் கடைசியில் வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லைப்புற ரூம் இரண்டும் கட்டியது அந்தக் காசில்தான் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பழையபேப்பர் சார், ஒரு சந்தேகம். ஏழு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பா அங்கே ஒரு பேங்கில் போட்டிருந்தாராம், பாஸ்புக் அம்மானில் தொலைந்துவிட்டது. அதற்கு இப்போது ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை கதை முடிந்ததா?

ஃபஹாஹீல்தம்பி:

பேங்க் பெயரையும் பழைய பதாகா (குவைத் அடையாள அட்டை) நம்பரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அண்ணே. வியாழக்கிழமை சிட்டி பக்கம் போகிறேன், கவுன்டரில் கேட்டுப் பார்க்கிறேன். நம்பிக்கை மட்டும் வைக்காதீர்கள்.