குடற்செல்கள் ஓயாமல் பிரிந்தும் புற்றாவதில்லையே, ஏன்?

செங்காந்தள்:
அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு உயிரியல் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது எழுந்த ஐயம் இது. செல்கள் கட்டுப்பாடின்றிப் பிரிவதே புற்றுநோய் என்று நானும் என் காலத்தில் மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் சிறுகுடலின் உட்சுவர்ச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றன என்று வேறொரு நூலில் படித்த அவள், இவ்வளவு வேகமாகப் பிரிந்தும் சிறுகுடலில் புற்றுநோய் அரிதாகத்தானே வருகிறது என்று கேட்கிறாள். கட்டுப்பாடு என்றால் அதைச் செய்வது எது, பிரிதலின் எந்தக் கட்டத்தில் அது தவறுகிறது என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெய்தல்:
'கட்டுப்பாடின்றி' என்ற சொல்லைப் பலரும் 'வேகமாக' என்று பொருள்கொண்டுவிடுகிறார்கள். நெடுங்காலம் விலங்கியல் கற்பித்த நானும் தொடக்கத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். உண்மையில் பல கட்டிகளின் செல்கள் குடற்செல்களைவிட மெதுவாகவே பிரிகின்றன. குடற்செல் நிற்கச் சொன்னால் நிற்கும், கட்டியின் செல் நிற்காது. மகளிடம் இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒரு செல் ஜி1 கட்டத்தில் வளர்ந்து, எஸ் கட்டத்தில் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுத்து, ஜி2 கட்டத்தில் அந்த நகலைச் சரிபார்த்து, எம் கட்டத்தில், டி.என்.ஏ.வைச் சுமக்கும் குரோமோசோம்கள் இரட்டித்த நிலையில் இருக்க, அந்த 46-ஐயும் இரு சேய்ச்செல்களுக்குச் சமமாகப் பங்கிடுகிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல்லுக்கு இந்தச் சுற்று ஏறத்தாழ 24 மணி நேரம் பிடிக்கிறது. நாம் வெங்காய வேரில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கும் மைட்டாசிஸ் என்னும் அந்தப் பங்கீடு, மனிதச் செல்லில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சுற்றை நகர்த்துபவை சைக்ளின் என்னும் புரதங்களும், அவை வந்து இணைந்தால் மட்டுமே செயற்படும் சிடிகே நொதிகளும் ஆகும். 1982-இல் டிம் ஹன்ட் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலுயிர் ஆய்வகத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தபோது, ஒரு புரதம் சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஒவ்வொரு பிரிதலின்போதும் சட்டென மறைந்து, மறுபடியும் சேரத் தொடங்குவதைக் கண்டார்; அதுவே சைக்ளின். ஈஸ்ட்டை வைத்து இதே புதிரை அவிழ்த்த லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டிலும் நம் உடலிலும் இந்தப் பொறி ஏறக்குறைய ஒன்றே என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

இந்தச் சுற்றில் மூன்று காவல் இடங்களைச் சொல்லலாம். ஜி1 கட்டத்தின் முடிவில் ஆர்.பி. என்னும் புரதம், நகலெடுக்கத் தேவையான மரபணுக்களைத் திறக்கும் மற்றொரு புரதத்தைப் பிடித்துவைத்திருக்கும். வளர்ச்சிச் சமிக்ஞை வந்து சிடிகே நொதிகள் அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றினால்தான் பிடி தளரும். டி.என்.ஏ. சிதைந்திருந்தால் பி53 என்னும் புரதம் பெருகி, பழுது நீங்கும்வரை சுற்றை நிறுத்திவைக்கும், பழுது மிகுதியானால் செல்லையே சாகச் செய்யும்; மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இதன் மரபணு கெட்டிருக்கிறது. எம் கட்டத்தின் நடுவில், குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழையில் ஒரே ஒரு குரோமோசோம் சரியாகக் கோத்துக்கொள்ளாமல் இருந்தாலும், மற்ற அனைத்தும் பிரியாமல் காத்திருக்கும்.

இனி உங்கள் மகளின் குடலுக்கு வருவோம். குடற்சுவரில் நுண்ணிய குழிகள் உள்ளன; அவற்றின் அடியில்தான் பிரிதல் நடக்கிறது. அங்கே சூழ்ந்திருக்கும் செல்கள், பிரியச் சொல்லும் விண்ட் என்னும் சமிக்ஞையைத் தருகின்றன. பிறந்த செல் மேல்நோக்கித் தள்ளப்படும்போது அந்தச் சமிக்ஞை மங்கிவிடுவதால், அது பிரிவதை நிறுத்தி, உணவை உறிஞ்சும் வேலையைக் கற்று, சில நாள்களில் நுனியிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. பெருங்குடலிலும் இதே ஏற்பாடுதான். இந்தச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கொண்டுசெல்வது பீட்டா கேட்டனின் என்னும் புரதம்; சமிக்ஞை இல்லாதபோது அதை அழிக்கும் பொறுப்பில் ஏ.பி.சி. என்னும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அந்த மரபணு கெட்டுப்போனால், மேலே வந்துவிட்ட செல்லும் தான் இன்னும் குழியின் அடியில் இருப்பதாகவே எண்ணிப் பிரிந்துகொண்டிருக்கும். பெருங்குடலில் உருவாகும் பாலிப் என்னும் சிறுகட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. அவற்றில் பிற மரபணுக்களும் ஒவ்வொன்றாகக் கெட்டுப் புற்றாவதற்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன.

வன்னிமகள்:
நெய்தல் ஐயாவின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். (இலங்கையில் நாங்கள் இதைக் கலப்பிரிவு, இழையுருப்பிரிவு என்று படித்தோம், பொருள் ஒன்றே.) ஆர்.பி. என்ற பெயரே ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் குழந்தைகளின் விழித்திரைப் புற்றிலிருந்து வந்தது. 1971-இல் ஆல்பிரட் நட்சன் 48 குழந்தைகளின் நோய் விவரங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார். பரம்பரையாக வரும் நோய் இளம் வயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றுவதையும், மற்றையது தாமதமாக ஒரு கண்ணில் மட்டும் தோன்றுவதையும் கொண்டு, இரண்டு அடிகள் விழுந்தால்தான் இப்புற்று உருவாகும் என்று அவர் முடிவுசெய்தார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணுவின் ஒவ்வொரு படி நமக்கு வருகிறது. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். பிறக்கும்போதே ஒரு படியை இழந்த குழந்தைக்கோ இன்னும் ஓர் அடியே போதும். அந்த இரண்டாம் அடி பல வேளைகளில் பிரிதலின் பிழையாகவே அமைகிறது: நல்ல படியைத் தாங்கிய 13-ஆம் குரோமோசோம் பங்கீட்டின்போது ஒரு சேய்க்கலத்துக்குப் போய்ச் சேராமல் தவறிவிடுகிறது. எந்தக் கட்டத்தில் தவறுகிறது என்ற கேள்விக்கு, நகலெடுப்பிலும் தவறலாம், பங்கிடுவதிலும் தவறலாம் என்பதே என் விடை.

செங்காந்தள்:
இருவருக்கும் மிக்க நன்றி. குழியின் படத்தை வரைந்து காட்டியதும் அவளுக்கு விளங்கிவிட்டது. உடனே அடுத்த கேள்வி வந்தது: புற்றுநோய்க்கு மருந்து கொடுத்தால் முடி ஏன் கொட்டுகிறது? என் அக்காவுக்குச் சிகிச்சை நடந்தபோது முடி கொட்டியதோடு விரல் நுனிகளும் மரத்துப்போயின என்பது அவளுக்கு நினைவிருக்கிறது.

மருதன்:
பழைய மருந்துகள் பலவற்றால் புற்றுச்செல்லை இனம்பிரித்து அறிய முடியாது; பிரிந்துகொண்டிருக்கும் எதையும் அவை தாக்கும். நம் ஊர்களில் சுடுகாட்டுப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும், வன்னிமகள் அவர்களின் ஊரில் பட்டிப்பூ என்றும் வழங்கும் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்து எடுக்கப்படுகிறது. அது கதிர்கோல் இழைகளை உருவாகவிடாமல் தடுப்பதால், நெய்தல் ஐயா சொன்ன மூன்றாம் காவல் இடத்தில் செல் சிக்கிக்கொண்டு மடிகிறது. பசிபிக் யூ மரத்தில் கண்டறியப்பட்ட பாக்லிடாக்சல், அதே இழைகளைக் கலையவிடாமல் இறுக்கி அந்த விளைவையே உண்டாக்குகிறது. மயிர்க்கால்களின் செல்களும், எலும்பு மஜ்ஜையும், உங்கள் மகள் கேட்ட குடற்செல்களும் ஓயாமல் பிரிபவை என்பதால், இத்தகைய மருந்துகளால் முடி கொட்டுதல், இரத்த அணுக்கள் குறைதல், வயிற்றுப்போக்கு ஆகியவை நேர்கின்றன.

விரல் மரத்துப்போவதற்குக் காரணம் வேறு. நரம்புச்செல்கள் பிரிவதே இல்லை. ஆனால் கதிர்கோலைக் கட்டும் அதே நுண்குழல்கள்தான் நரம்பின் நீண்ட இழைக்குள் தண்டவாளம்போல் அமைந்து, முதுகுத்தண்டின் அருகிலுள்ள செல்லுடலிலிருந்து விரல் நுனிவரை பொருள்களைக் கொண்டுசேர்க்கின்றன. இந்த வகை மருந்துகளால் அந்தத் தடமும் பாதிக்கப்படுவதால், இழை மிக நீளமாக உள்ள கால்விரல்களிலும் கைவிரல்களிலும் உணர்வு முதலில் குறைகிறது.