பால் சேகரிப்பு மையத்துக்கு மென்பொருள்: டேட்டாபேஸ் டிசைனுக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

தாராபுரத்துத் தம்பி

வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் பால் சேகரிப்பு மையத்துக்கு மென்பொருள் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். நானும் ஒரு நண்பரும்தான், இரண்டு மாத அவகாசம். காலை, மாலை இரண்டு வேளையும் 180 பேர் பால் ஊற்றுகிறார்கள். அளவு, ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போட்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா, தீவனத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள்.

நண்பர், முதலில் திரைகளைச் செய்து காட்டிவிடலாம், டேபிளைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நான் இதுவரை ஒரே ஒரு டேபிள் போட்டிருக்கிறேன். உறுப்பினர் எண், பெயர், தேதி, காலை அளவு, காலை ஃபேட், மாலை அளவு, மாலை ஃபேட், முன்பணம், வங்கிக் கணக்கு என்று 31 ஃபீல்டு. உறுப்பினர் எண்ணும் தேதியும் சேர்ந்து பிரைமரி கீ, அதாவது ஒரு வரியைத் தனித்துக் காட்டும் அடையாளம். அவர்களுடைய எக்செல் ஷீட்டும் இப்படித்தான் இருக்கிறது. இது போதுமா? நார்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடத்தில் வராதபடி டேபிள்களைப் பிரிப்பது) எல்லாம் கல்லூரியில் படித்துப் பரீட்சை எழுதியதுதான், நிஜ வேலையில் எங்கே ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை.

பழைய டிபிஏ

தம்பி, போதாது. ஆனால் இப்போதே கேட்டீர்களே, அது நல்லது. ஆறு மாதம் ஓடிய பிறகு கேட்டிருந்தால் சிரமம்.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மூன்று நாள் அந்த மையத்தில் போய் உட்காருங்கள். காலை ஐந்தரை மணிக்கே போய்விடுங்கள். அவர்களுடைய நோட்டில் அடித்துத் திருத்திய இடங்களைப் பாருங்கள், ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதைப் பாருங்கள். எக்செல்லில் இடம் இல்லாத விஷயமெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஒருவர் ஒரே வேளையில் இரண்டாவது கேன் கொண்டுவந்தால் என்ன செய்கிறார்கள்? உங்கள் பிரைமரி கீ அதை வேண்டாம் என்று தள்ளிவிடும். 47-ஆம் எண் உறுப்பினர் இறந்துபோனால் அதே எண்ணை மகனுக்குக் கொடுக்கிறார்களா? பல இடங்களில் கொடுக்கிறார்கள். அப்படியானால் அந்த எண் ஒரு ஆளைக் குறிக்கவில்லை, ஒரு வீட்டையோ ஒரு இடத்தையோ குறிக்கிறது. அதைக் கீயாக வைத்தால் அப்பாவின் கடன் மகன் கணக்கில் வந்து நிற்கும்.

பிறகு பேப்பரில் ஈஆர் (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்) படம் போடுங்கள். பீட்டர் சென் 1976-இல் சொன்ன முறைதான், எது பொருள், எது உறவு என்று பெட்டியும் கோடும். இந்தக் கட்டத்தில் எந்த டேட்டாபேஸ், என்ன டேட்டா டைப் என்று யோசிக்கவே கூடாது. ஊற்றுபவர், பால் வரவு, விலைப் பட்டியல், முன்பணம், பட்டுவாடா. பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பது தனி, ஏனென்றால் பால் ஊற்றுவது கணவராக இருக்கும், வங்கிக் கணக்கு மனைவி பெயரில் இருக்கும். படத்தை மையத்துக்காரரிடம் காட்டி வாயால் படித்துச் சொல்லுங்கள்: "ஒருத்தர் ஒரு வேளையில் பல தடவை ஊற்றலாம், சரிங்களா?" அவர் "இல்லீங்க" என்று சொல்லும் இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

அது முடிந்த பிறகுதான் டேபிளாக்கி நார்மலைஸ் செய்வது. கடைசியில்தான் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை), டைப் எல்லாம். 180 பேர், இரண்டு வேளை, 365 நாள் என்றால் வருஷத்துக்கு 1,31,400 வரிகள். போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் மென்பொருளுக்கு இது ஒன்றுமே இல்லை, வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நேரத்தை விடாதீர்கள்.

பேக்எண்ட் நிலா

டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) அண்ணா சொல்வதில் பாதிக்கு மேல் சரி, ஆனால் திரை பக்கமே போகாதே என்று தம்பி எடுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டு அடிக்கும் திரையை மட்டும் மாதிரியாகச் செய்து நாலாவது நாளே காட்டுங்கள், டேட்டாபேஸ் இல்லாமல் வெறும் பொம்மையாக. ஈஆர் படத்துக்குத் தலையாட்டுகிறவர் சீட்டைப் பார்த்ததும் "இதுல போன வேளை பாக்கி வரலையே" என்பார். அப்புறம், டேபிள் மாற்றங்களை முதல் நாளிலிருந்தே மைக்ரேஷன் ஃபைலாக (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகச் செய்யும் கட்டளைகள்) எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் (Git) போடுங்கள். எவ்வளவு யோசித்தாலும் ஏதாவது விட்டுப்போகும், மாற்ற வழி இருந்தால் பயமில்லை.

இன்னொன்று தமிழ்ப் பெயர்கள். "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் போடலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் கணக்கில் வேறு வேறு. கொழந்தசாமியைத் தேடினால் வரமாட்டார், இல்லாத ஆள் என்று நினைத்து இன்னொரு முறை சேர்த்துவிடுவார்கள். சேமிக்கும் முன் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு ஃபீல்டும் வேண்டாம், இனிஷியல் ஒன்று, பெயர் ஒன்று போதும்.

கணக்கு அக்கா

நான் புரோகிராமர் இல்லை, இதே மாதிரி ஒரு மையத்தில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதினேன். எங்களுக்குச் செய்து தந்த மென்பொருளில் விலை ஒரே இடத்தில் இருந்தது. விலை ஏறிய அன்று புது விலையைப் போட்டோம், பழைய பத்து நாள் அறிக்கையை எடுத்தால் அதுவும் புது விலையில் வந்தது. ஊற்றுகிறவர்கள் கையில் சீட்டு இருக்கிறது, அதில் ஒரு தொகை, எங்கள் தாளில் வேறு தொகை. அன்றைக்கு நான் பட்ட பாடு! ராத்திரி பதினொரு மணி வரை சீட்டுகளை அடுக்கி வைத்துக் கையால் கூட்டினேன்.

விலை தேதியில் மாறுவதில்லை, வேளையில் மாறும். "இன்று மாலையிலிருந்து" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். சில சமயம் போன வாரத்திலிருந்தே என்று பின்தேதியிட்டும் வரும். தப்பாகப் பதிந்த ஃபேட்டை அழித்து எழுத விடாதீர்கள் தம்பி, பழையது இருக்கட்டும், திருத்தம் தனி வரியாக வரட்டும், யார் எப்போது திருத்தினார் என்பதும் தெரியட்டும். இல்லாவிட்டால் பழி கணக்கு எழுதுகிறவர் தலையில்தான் விழும்.

தாராபுரத்துத் தம்பி

அக்கா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். விலைப் பட்டியலை "எந்த வேளையிலிருந்து" என்று தனி டேபிளாக வைத்தால் தொகையைக் கணக்கிட்டே எடுத்துக்கொள்ளலாமே, வரவு வரியிலும் தொகையைச் சேமித்தால் அது நார்மலைசேஷனுக்கு விரோதம் இல்லையா?

பழைய டிபிஏ

விரோதம் இல்லை. சீட்டில் அச்சடித்துக் கொடுத்த தொகை, அந்த நேரத்தில் அவருக்கு நாம் சொன்ன வாக்கு. அது தனி உண்மை. பின்தேதியிட்டு விலை மாறினால் வித்தியாசத்தை நிலுவையாகத் தனி வரி போடுங்கள், பழைய வரியைத் தொடாதீர்கள்.

தொகைக்கு ஃப்ளோட் (பின்னத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வேண்டாம், பைசா பிசகாத டெசிமல் வகை வையுங்கள். 6.3 லிட்டர், விலை 34.55 என்றால் 217.665. சீட்டில் 217.67 என்று வரும். இப்படியே இருபது சீட்டு என்றால் அவர் கூட்டி வைத்திருப்பது 4353.40, நீங்கள் முழுத் துல்லியத்தில் கூட்டிக் கடைசியில் ரவுண்டு செய்தால் 4353.30. பத்து பைசாதான், ஆனால் தராசிலேயே சந்தேகம் வந்துவிடும். ரவுண்டு செய்ததைச் சேமித்து அதையே கூட்டுங்கள்.

அளவு லிட்டரா கிலோவா என்று கேட்டீர்களா? ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. மையத்தில் லிட்டரில் அளந்து லாரிக்குக் கிலோவில் ஏற்றுகிறார்கள் என்றால் அலகும் ஒரு ஃபீல்டாக வேண்டும்.

தாராபுரத்துத் தம்பி

மூன்று நாள் போய்விட்டு வந்தேன். தராசு கிலோவில் காட்டுகிறது, சீட்டு லிட்டரில் போகிறது, நடுவில் மாற்றிச் சொல்வது ஒரு பெரியவர் மனக்கணக்கில்! 47 மாதிரியே கைமாறிய எண்கள் ஆறு இருக்கின்றன. நோட்டின் ஓரத்தில் "எ" என்று பென்சிலில் இருந்தது, கேட்டால் எருமைப் பாலாம், அதற்கு விலைப் பட்டியலே வேறு.

31 ஃபீல்டு டேபிளைத் தூக்கிவிட்டேன். இப்போது எட்டு டேபிள், இன்னும் திரை ஒன்றுகூட எழுதவில்லை. நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் நாளைக்குக் காலை மையத்துக்கு அவரும் வருகிறார்.