பக்கவாதத்துக்குப் பின் தூக்கமின்மை: சீன மூலிகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: பெரம்பூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். 67 வயதான என் அப்பாவுக்கு ஆவணி மாதத்தில் மூளை இரத்தக்குழாய் அடைத்து இடப்பக்கம் செயலிழந்தது. இப்போது பேச்சு தெளிவாக இருக்கிறது, ஊன்றுகோலுடன் நடக்கிறார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும் வரை உறக்கம் வருவதில்லை. பகலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவதால் பிசியோதெரபி பயிற்சியில் அவரால் மனம் செலுத்த முடிவதில்லை. இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். எப்போதாவது அல்பிரசோலாம் என்னும் தூக்க மாத்திரை கொடுத்தால் மறுநாள் காலையில் நடை தள்ளாடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தி, அங்கே தூக்கத்துக்குப் பலரும் சாப்பிடுவது என்று சொல்லி ‘சுவான் சாவ் ரென் தாங்’ என்னும் சீன மூலிகைக் குருணைப் பொட்டலங்களை அனுப்பியிருக்கிறார். இதை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில் 1: நரம்பியல் மருத்துவர், கீழ்ப்பாக்கம்

அம்மா, பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். அதில் உள்ள அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. அளவு குறைவாக இருந்தாலும், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கும் முதல் வழி என்று இருப்பவருக்கு அதைத் தினமும் கொடுப்பது சரியன்று. அதிலுள்ள சுவான்சியோங் என்னும் வேர், இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கும் தன்மை உடையதாகக் கருதப்படுவதால், குளோபிடோகிரெலுடன் சேரும்போது இரத்தக் கசிவுக்கு இடம் தரலாம்.

ஆனால் அதற்கு முன்பாகவே கேட்க வேண்டிய கேள்வி, அவர் ஏன் விழிக்கிறார் என்பது. பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் கோளாறு காணப்படுகிறது. அது இருக்கும்போது அல்பிரசோலாம் போன்ற மாத்திரை தொண்டைத் தசையைத் தளரச்செய்து நிலைமையை மோசமாக்கும். விழும் அபாயத்தையும் கூட்டும். பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, விடியலுக்கு முன் விழிப்பது அதன் அடையாளங்களுள் ஒன்று. செயலிழந்த பக்கத்துத் தோள்வலி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மாலையில் சாப்பிடும் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். அப்பா குறட்டை விடுகிறாரா? அழுத்த மாத்திரைகளில் நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டுவது) உண்டா, அதை எப்போது சாப்பிடுகிறார்?

பதில் 2: அக்குபங்சர் பயின்ற இயற்கை மருத்துவர், அண்ணா நகர்

மருத்துவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இந்த மருந்து, ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் மருத்துவர் தொகுத்த, ஐந்து பொருள்கள் கொண்ட பழைய கலவை. முதன்மைப் பொருளான புளிப்பு இலந்தை விதை, நம் இலந்தைக்கு உறவான வேறொரு வகையிலிருந்து வருவது. எனவே இங்குள்ள இலந்தைக் கொட்டையை அதற்கு மாற்றாகக் கருதக் கூடாது. இதில் ஒரு விஷயத்தைச் சித்தியிடமும் சொல்லுங்கள்: சீன மருத்துவ முறைப்படி இது எல்லாத் தூக்கமின்மைக்கும் உரிய மருந்து அல்ல. ஈரலின் குருதிக் குறைவால் மனம் அலைபாய்பவருக்கு இதையும், சளியும் உள்வெப்பமும் மிகுந்தவருக்கு முற்றிலும் வேறு கலவையையும் தருவார்கள். நாடியும் நாக்கும் பார்க்காமல் கொடுப்பதை அந்த மரபே ஏற்காது.

அக்குபங்சரைத் துணைச் சிகிச்சையாக எண்ணிப் பார்க்கலாம். மணிக்கட்டு மடிப்பில் உள்ள ஷென்மென், உச்சந்தலையில் உள்ள பைஹுய் போன்ற புள்ளிகளைத் தூக்கத்துக்காகப் பயன்படுத்துகிறோம். இது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவில், சிறிய எண்ணிக்கையில், எஸ்டசோலாம் என்னும் தூக்க மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்தவை. பலன் தெரிகிறது என்று அவை சொன்னாலும் உறுதியான சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை. குளோபிடோகிரெல் சாப்பிடுபவருக்கு ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போகலாம் என்பதால், செல்லும் இடத்தில் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதில் 3: குரோம்பேட்டை பராமரிப்பாளர்

என் அத்தைக்குப் பக்கவாதம் வந்தபோது மருத்துவமனை உளவியலாளர் சொல்லித்தந்த நடத்தைப் பயிற்சிதான் எங்களுக்குப் பயன்பட்டது. காலையில் எப்போதும் ஒரே நேரத்தில் எழுப்பி மொட்டை மாடியில் வெளிச்சத்தில் உட்கார வைத்தோம். பகல் தூக்கத்தை மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரத்தோடு நிறுத்தினோம். தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழ வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் வழக்கமான விதி. பக்கவாத நோயாளி இருட்டில் தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார் என்பதால், எங்களில் ஒருவர் எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்போம். செயலிழந்த கைக்கு அடியில் தலையணை வைத்த பிறகு வலியால் விழிப்பது வெகுவாகக் குறைந்தது.

பெரம்பூர் மகள்

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பா பலத்த குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறார் என்று அம்மா சொல்கிறார். குளோர்தாலிடோன் இரவு உணவுக்குப் பின் சாப்பிடுகிறார்.

நரம்பியல் மருத்துவர், கீழ்ப்பாக்கம்

குளோர்தாலிடோன் நீர் மாத்திரைதான். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்; நீங்களாக மாற்ற வேண்டாம். குறட்டையைப் பற்றி அம்மா சொன்னதைக் கேட்டால் உறக்கப் பரிசோதனை அவசியம் என்றே தோன்றுகிறது. மூச்சுத் தடை உறுதியானால், காற்றழுத்த முகமூடிக் கருவி இரவு உறக்கத்தையும் பகல் சோர்வையும் ஒருசேரச் சீராக்க வாய்ப்புண்டு. அதுவரை அல்பிரசோலாம் கொடுக்காதீர்கள். எப்போதாவது மட்டும் கொடுத்திருப்பதால் நிறுத்துவதில் சிக்கல் இராது; தினமும் கொடுத்திருந்தால் படிப்படியாகத்தான் குறைத்திருக்க வேண்டும். இன்றிரவு அவர் மூச்சு நின்று இழுக்கும் நேரத்தைக் கைபேசியில் ஒலியோடு படம் பிடித்து, சிங்கப்பூர்ப் பொட்டலத்தின் மேலுறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.