மேனேஜ்டு சுவிட்ச் அனுபவங்கள்: லாட்ஜில் விலேன் பிரித்ததும், இரவில் அணைந்த கேமராக்களும்

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ். பில்லிங் கம்ப்யூட்டர், கேமராக்கள், தங்க வருகிறவர்களின் வைஃபை எல்லாமே நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஒரே சாதாரண சுவிட்சில் ஓடின. ரூமில் உட்கார்ந்து போனில் தேடினாலே ரிசப்ஷன் பிரிண்டரும் கேமரா ரெக்கார்டரும் தெரியும். இப்படி விடக்கூடாது என்று உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லி 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் (எந்த போர்ட் எதோடு பேசலாம் என்று நாமே செட் செய்யக்கூடியது) போட்டோம்.

விலேன் என்றால் ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க். அலுவலகத்துக்கு விலேன் 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30. ரவுட்டருக்கும் வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட்களுக்கும் போகிற போர்ட்டுகள் டேக்டு, அதாவது டேட்டாவோடு விலேன் எண்ணும் சேர்ந்து போகும். கம்ப்யூட்டரும் கேமராவும் செருகுபவை அன்டேக்டு, அந்த எண் இல்லாமல் போகும். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்வார்கள். பிரவுசரில் செட் செய்யும் சுவிட்சுகள் பலவற்றில் ஆளைத் திணறடிப்பது பிவிஐடி என்கிற போர்ட் செட்டிங். போர்ட்டை 20-ல் அன்டேக்டாகச் சேர்ப்பது சுவிட்சிலிருந்து வெளியே போவதற்கு மட்டும்தான். கேமராவிலிருந்து உள்ளே வருவது எந்த விலேனில் சேரும் என்பதை பிவிஐடிதான் தீர்மானிக்கும். அது ஆரம்பத்தில் இருக்கும் 1-லேயே கிடந்தால் கேமரா அனுப்புவது ஒரு விலேனிலும் ரெக்கார்டர் இன்னொன்றிலுமாக நிற்கும். கேபிள் முனையில் பிளக்கைத் திரும்பத் திரும்ப கிரிம்ப் செய்து பார்த்து ஓய்ந்துபோவார்கள், பாவம். கேபிளில் குறையே இருக்காது.

லேப்டாப் செருகியிருக்கும் போர்ட்டைக் கடைசியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் சுவிட்சின் செட்டிங் பக்கத்துக்குள் போகவே வழி இருக்காது. பிறகு சேவ். 'அப்ளை' கொடுத்தால் பல சுவிட்சுகளில் அது ஓடுகிற நினைவகத்தோடு நின்றுவிடும். ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்தால் எல்லா போர்ட்டும் பழையபடி விலேன் 1-ல் நிற்கும்.

இன்னொன்று, விலேன் பிரித்தாலும் ரவுட்டர் 30-லிருந்து 10-க்கு வழி விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதைத் தடுக்கும் விதியை ஃபயர்வாலில் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

*

அண்ணே, லாட்ஜ் வேலையில் பிவிஐடி பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. என் அனுபவம் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுப்பது. முட்டம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் எட்டு கேமராக்கள். பகலெல்லாம் நன்றாக ஓடும், இருட்டியதும் ஒன்றிரண்டு அணைந்து அணைந்து வரும். கேமராவை மாற்றச் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. சுவிட்சின் பிஓஇ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன். பகலில் ஒரு கேமராவுக்கு 5 வாட் அளவில் இழுத்தது, இருட்டில் பார்க்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் 8-ஐத் தாண்டியது. சுவிட்ச் மொத்தமாகத் தரக்கூடியது 60 வாட். ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் தரும் என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து வாங்கிவிடுகிறார்கள். எட்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்பதைப் பார்ப்பதில்லை. இரண்டு கேமராவை, கேபிளில் தனியாகக் கரண்ட் ஏற்றும் இன்ஜெக்டருக்கு மாற்றினோம், வாயில் கேமராவின் போர்ட்டுக்கு முன்னுரிமை கொடுத்தோம். அதற்குப் பிறகு இரவில் ஒன்றும் அணையவில்லை.

கடற்கரையில் வேலை செய்கிறவர்கள் வெளியே இருக்கும் ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் பிளக்) இணைப்புகளையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடுகின்றன. நாங்கள் அவற்றை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிள் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கம் விடுகிறோம்.