புதுப்பிப்பு: 30 மணி நேர சிஎம்இ (மருத்துவர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி) பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேனே

5 வருடத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் சிஎம்இ வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது, எனக்கு இன்னும் 11 மணி நேரம் பாக்கி, பெரிய மாநாட்டுக்குப் போய் முடிப்பதா, ஞாயிறுகளில் சின்ன கேஸ் கலந்துரையாடல்களுக்குப் போவதா என்று கேட்டிருந்தேன். பலரும் இரண்டாவதைச் சொன்னீர்கள், அதையே செய்தேன். ரொம்ப நன்றி.

மூன்றாவது ஞாயிறு டாபாகிளிஃப்ளோசின் பற்றிப் பேசினோம், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் சர்க்கரை நோய் மாத்திரை. 2019 ஆய்வுக்கு அப்புறம் சர்க்கரை நோய் இல்லாத இதயச் செயலிழப்புக்கும் நாம் எழுதுகிற மாத்திரைதான். இதை எடுத்துக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் வாந்தியோடு வருபவருக்கு, ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தாலும் கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாவது) வரலாம் என்பது படித்ததுதான், ஆனால் நேரில் பார்த்ததில்லை. பத்து நாள் கழித்து அப்படியே ஒரு அம்மா வந்தார்: சர்க்கரை 178, மூச்சு மட்டும் வேகமாக, ஆழமாக வாங்குகிறது. முன்பென்றால் நுரையீரலைத்தான் தேடியிருப்பேன். அன்று முதலில் சிறுநீரில் கீட்டோன் பார்த்தேன், மூன்று பிளஸ். மாத்திரையை நிறுத்தி, சலைன், இன்சுலினோடு டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ்) ஆரம்பத்திலேயே போட்டோம். நான்காம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இன்னும் 5 மணி நேரம் பாக்கி. அடுத்து சோடியம் குறைவு எடுக்கிறோம், நல்ல கேஸ் இருந்தால் நோயாளியின் அடையாளத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.