பழைய வரிமுறை: கழிவுகளை எப்படிக் குறித்து வைத்தால் சீக்கிரம் தாக்கல் செய்யலாம்?

கேள்வி:
2025-26 நிதியாண்டுக்குப் பழைய வரிமுறையில்தான் (சேமிப்பு, காப்பீடு போன்றவற்றை வருமானத்தில் கழிக்க விடும் முறை) வருமான வரி ரிட்டர்ன் போடப் போகிறேன். எல்ஐசி, பிபிஎஃப், கல்விக் கடன், அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ், வாடகை, கொஞ்சம் நன்கொடை உண்டு. சம்பளம் தவிர வேறு பெரிய வருமானம் இல்லை. ரசீதுகளை எப்படி ஒழுங்குபடுத்துவது? ஏப்ரலிலேயே தாக்கல் செய்துவிட முடியுமா?

பதில் 1:
ஒரு எக்செல் ஷீட் போதும் சார். பணம் கட்டிய தேதி, எந்த வரிச் சட்டப் பிரிவு, தொகை, கட்டிய விதம், பாலிசி அல்லது கணக்கு எண் என்று ஐந்து பத்தி போடுங்கள். தேதிதான் முக்கியம். மார்ச்சில் கட்ட வேண்டிய எல்ஐசி பிரீமியத்தை ஏப்ரல் 2-ல் கட்டினால் அது அடுத்த வருஷக் கணக்கு; 80சி (எல்ஐசி, பிபிஎஃப் போன்றவற்றுக்கான பிரிவு) கட்டிய தேதியைத்தான் பார்க்கும்.

எண்களையும் அன்றன்றே குறித்துவிடுங்கள். ரிட்டர்னிலேயே இப்போது 80சி-க்கு பாலிசி எண், 80டி-க்கு (மெடிக்கல் இன்சூரன்ஸ்) இன்சூரன்ஸ் கம்பெனி பெயர், 80ஈ-க்குக் (கல்விக் கடன்) கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி எல்லாம் கேட்கிறார்கள். கல்விக் கடனில் வட்டி மட்டும்தான் கழியும், அசல் கழியாது. மாதத் தவணையை அப்படியே போட்டுவிடாமல் பேங்கில் வட்டிச் சான்றிதழ் வாங்குங்கள்.

பதில் 2:
80டி-யில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு 25,000, பெற்றோரில் ஒருவராவது 60 வயது தாண்டியிருந்தால் அவர்களுக்குத் தனியாக 50,000 வரை. அவர்கள் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் ஒரு பைசா கழியாது. முழு உடல் பரிசோதனைக்கு மட்டும், அந்த வரம்புக்குள்ளேயே 5,000 வரை, ரொக்கம் பரவாயில்லை. மூன்று வருஷ பிரீமியத்தை மொத்தமாகக் கட்டியிருந்தால் வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான். 45,000 கட்டியவர் இந்த வருஷம் 15,000 போட வேண்டும். மீதியை அடுத்த இரண்டு வருஷ ஷீட்டிலும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறந்தே போகும்.

வாடகைக்குக் கழிவு கேட்கும்போது, அது வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஆபீஸில் வீட்டுக்காரர் பான் எண் கேட்பார்கள். ஒப்பந்தம் போடும்போதே வாங்கிவிடுவது நல்லது. ஜனவரியில் போய்க் கேட்டால் பலர் தயங்குகிறார்கள். வாடகையை மாதாமாதம் பேங்க் மூலமே அனுப்புங்கள்.

பதில் 3:
ஏப்ரலில் தயாராக இருங்கள், தாக்கல் மட்டும் வேண்டாம். கம்பெனி கடைசிக் காலாண்டு டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வரி) கணக்கைக் கொடுக்க மே 31 வரை அவகாசம். படிவம் 16 (கம்பெனி தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்றிதழ்) வர ஜூன் 15 ஆகும். அதற்கு முன்னால் போட்டால் 26ஏஎஸ்-இல் (உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் அறிக்கை) உங்கள் டிடிஎஸ் முழுசாக ஏறியிருக்காது, ரீஃபண்டுக்கு பதில் வரி பாக்கி என்று வந்து நிற்கும்.

நன்கொடையும் அப்படித்தான். ரசீது மட்டும் போதாது, அந்த அமைப்பு 10பிஈ படிவம் (நன்கொடைச் சான்றிதழ்) கொடுக்க வேண்டும். அதற்கும் கெடு மே 31. அதில் உள்ள எண்ணை ரிட்டர்னில் நன்கொடைக்கான 80ஜி அட்டவணையில் போட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடை கழியாது.

ஜூன் மூன்றாவது வாரம் உட்கார்ந்து ஷீட், படிவம் 16, ஏஐஎஸ் (வரித்துறை தரும் வருடாந்தரத் தகவல் அறிக்கை) மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டி படிவம் 16-ல் வராது, ஏஐஎஸ்-இல் இருக்கும். அதை வருமானத்தில் காட்டிவிட்டு, அந்த வட்டிக்கான பிரிவான 80டிடிஏ-வில் 10,000 வரை கழித்துக்கொள்ளலாம்.

கடைசித் தேதியான ஜூலை 31-ஐ மட்டும் தவறவிடாதீர்கள். தாமத ரிட்டர்னில் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. சேர்த்து வைத்த 80சி, 80டி எல்லாம் வீண். போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள்.