கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் ஸ்டர்ஜன், சால்மன்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

சர்ரேவாசி:
ஸ்டர்ஜன் என்ற ராட்சத ஆற்று மீனைப் பிடிக்க, மிஷன் பாலத்தைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம், சில்லிவாக் ஊர்ப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தோம். செப்டம்பர் கடைசி. அலுவலக நண்பர்கள் சேர்ந்து எடுத்த வாடகைப் படகு, கைடும் கூடவே. சால்மன் சினையை மெல்லிய வலைத்துணியில் சின்ன மூட்டையாக முடிந்து போடுவார்களே, அதுதான் இரை. ராடின் நுனியில் லேசாக இரண்டு தட்டு. அப்புறம் தூண்டில் நரம்பு ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஆளாளுக்கு மாற்றிப் பிடித்தோம். நடுவில் ஒரு தடவை மீனின் முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே வந்து விழுந்தது.

சொல்ல வந்தது அதில்லை. கரையோரம் ஆழம் குறைந்த இடத்துக்குக் கொண்டுவந்து, தலைக்குப் பின்னால் கைடு ஸ்கேனரை வைத்தார். சத்தம் வந்தது. ஏற்கெனவே யாரோ பிடித்து, சிப் வைத்து விட்ட மீன். இரண்டு மீட்டருக்கு மேலே நீளம். அடியில் இருக்கும் வாய் குழாயாக வெளியே நீளும், உள்ளே போகும், மறுபடி நீளும். நாங்கள் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

விட்டபோது அது போகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து வெள்ளை வயிறு தெரிந்தது. கைடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வாலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எங்களில் யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரே உதறு, மீனைக் காணோம். அது பிழைத்திருக்குமா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மணல்திட்டு:
பிழைத்திருக்கும். ஸ்டர்ஜன் முரட்டு ஜென்மம், நூறு வயது தாண்டியும் வாழும். என் கதை சின்னது. ஹோப் ஊர்ப் பக்கம் ஒரு குட்டி ஸ்டர்ஜன் மாட்டியது. உடம்பில் ஐந்து வரிசை எலும்புத் தகடு இருக்கும் இல்லையா, பெரிய மீனுக்கு அது மழுங்கிப்போயிருக்கும், குட்டிக்கு நல்ல கூர். உள்ளங்கை கிழிந்து ரத்தம். அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மிஷன் ரயில் பாலத்திலிருந்து கடல் பக்கம் என்றால் கடல் லைசென்ஸ், ஆற்றின் மேல்பக்கம் என்றால் நன்னீர் லைசென்ஸ். மேல்பக்கத்தில் சாதாரண லைசென்ஸ் போதாது, ஸ்டர்ஜனுக்குத் தனி அனுமதியும் வாங்க வேண்டும். இது தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் உண்டு. தூண்டில் முள்ளில் பின்முள் இருக்கக் கூடாது, இருந்தால் குறடால் நசுக்கிவிடுங்கள். மெல்லிய நரம்பில் பிடித்துக் காட்டுகிறேன் என்று வீரம் பேசாதீர்கள். இழுபறி நீள நீள மீன் களைத்துப்போகும். ஆகஸ்டில் தண்ணீர் சூடாக இருக்கும்போது இன்னும் மோசம். பெரிய மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது, அதன் எடையே அதன் குடலை நசுக்கும். செவுளில் விரல் விடாதீர்கள். படம் வேண்டுமானால் நீங்கள் தண்ணீரில் இறங்குங்கள். 1994 முதல் இங்கே பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் எந்த ஸ்டர்ஜனையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பெண் மீன் முதல் தடவை சினை பிடிக்கவே இருபது வருடத்துக்கு மேல் ஆகலாம், அதற்கப்புறமும் வருடா வருடம் முட்டை போடாது. ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப நம் ஆயுளில் பாதி போய்விடும்.

போர்ட்லண்ட்காரன்:
மணல்திட்டு அண்ணா, அவர் கேட்டது மீன் பிழைத்ததா என்று. நீங்கள் லைசென்ஸ் வகுப்பே எடுத்துவிட்டீர்கள் :)

நான் அமெரிக்காவில், கொலம்பியா ஆற்றுப் பக்கம். ஆகஸ்டில் அஸ்டோரியா முகத்துவாரத்தில் சினூக் சால்மன் பிடிக்கப் போனோம். நல்ல கனம், படகுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. வலையை நீட்டுகிறேன், கீழேயிருந்து பழுப்பாக ஒன்று எழும்புகிறது. கடல் சிங்கம். ஒரு சுழற்று. நரம்பைச் சுற்றி எடுத்தால் தலை மட்டும் வருகிறது, வாய் இன்னும் திறந்து மூடுகிறது. படகில் இருந்த என் பையன் அன்று சாப்பிடவில்லை.

அதே ஆற்றில் பான்வில் அணைக்குக் கீழேயும் இதே கதை. மேலே ஏற வழி தேடித் திரளும் மீனை அவை சும்மா நின்று தின்கின்றன, ஸ்டர்ஜனையும் விடுவதில்லை. கடல் பாலூட்டிகளைக் காக்கும் 1972 அமெரிக்கச் சட்டப்படி கடல் சிங்கத்தைத் தொடக் கூடாது. 2008 முதல் பான்வில் பக்கம் அடையாளம் தெரிந்த சிலவற்றை மட்டும் அப்புறப்படுத்த விட்டார்கள், 2018-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கொலம்பியா ஆற்றில் அந்த வழி இன்னும் அகலமானது. அதில் எனக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று இன்னும் தெரியவில்லை.

ஈயக்குண்டு:
ஸ்டர்ஜனுக்காக இவ்வளவு உருகுகிறீர்கள். கோடையில் சில்லிவாக் மணல்திட்டுகளில் நடப்பதைப் பற்றி யாரும் பேசமாட்டீர்கள். சாக்கை என்ற சால்மன் வகை ஆற்றுக்குள் வந்தபின் இரை தின்னாது. அப்புறம் எப்படி வரிசையாக நிற்கும் அத்தனை பேருக்கும் மாட்டுகிறது? பதினைந்து அடி நீள நரம்பு, ஈயத்தை அடியில் தட்டித் தட்டி ஓட விடுவது. திறந்த வாய்க்குள் நரம்பு நுழைந்து உரசிக்கொண்டே போய், வெளிப்பக்கத்திலிருந்து முள் ஏறும். நான் பார்த்த மீனில் முள் தாடைக்கு வெளியிலிருந்து உள்ளே போயிருந்தது. பிடித்தவர் ‘கவ்வியது பார்’ என்கிறார்! பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்று. எங்களுக்கு ஒரு சாக்கை எடுக்கவும் அனுமதியில்லாத நாளில் பூர்வகுடிகள் வலை போடுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

பருத்தித்துறைக்காரன்:
நரம்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வலை விஷயத்தில் இல்லை.

ஜூலையில் ஃபிரேசர் ஆற்றோரம் யேல் ஊரைத் தாண்டிப் போனபோது, பாறைமேல் மரச்சட்டம் கட்டிச் சாக்கை மீனைக் காயப்போட்டிருந்தார்கள் அந்த ஆற்றோரப் பூர்வகுடிகளான ஸ்டோலோ மக்கள். வாலோடு பிளந்து, சதையில் குறுக்கே வரிவரியாகக் கீறி, கம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். கீறல் ஒவ்வொன்றும் விரிந்து உள்ளே செக்கச்செவேல். உப்பு எங்கே என்று கேட்டேன். அங்கிருந்த அம்மா காற்றைக் காட்டினார். பள்ளத்தாக்கில் அந்த மாதம் அடிக்கும் சூடான காற்றே போதுமாம். உப்பில்லாத கருவாடு என்றால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரு துண்டு தந்தார். மரப்பட்டை போல இருந்தது, மெல்ல மெல்ல எண்ணெய் இறங்கியது. அதற்குப் பிறகு கடையில் வாங்கும் சால்மன் எனக்குப் பிடிப்பதில்லை, வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்குகிறேன்.

நியாயம் கேட்டீர்கள். 1984-இல் மஸ்குவீம் பூர்வகுடி ஆள் ஒருவர் அனுமதித்த அளவைவிட நீளமான வலை போட்டார் என்று வழக்கானது. 1990-இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்ன ஸ்பாரோ தீர்ப்பு அதில்தான் வந்தது. முதலில் மீன் இனம் தப்ப வேண்டும், அடுத்து பூர்வகுடிகளின் உணவுக்கும் சடங்குக்கும், அதற்கப்புறம்தான் வியாபாரமும் நீங்களும் நானும். பொழுதுபோக்குக்கு நிற்கிற நமக்கு முதல் வரிசை எதற்குத் தம்பி?

ஈயக்குண்டு:
தீர்ப்பு எனக்கும் தெரியும் அண்ணா. 2009-இல் ஒரு கோடிக்கு மேல் சாக்கை வரும் என்றார்கள், வந்தது 15 லட்சம் போல. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அது முடிவதற்குள் 2010-இல் கிட்டத்தட்ட 3 கோடி வந்து நின்றது. கணக்குப் போடுகிறவர்களே இப்படித் தடுமாறும்போது, மீன்பிடிப்பைத் திறப்பதும் மூடுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான் என்றால் கோபம் வராதா? வலைக்காரர்கள்மேல் அதைக் காட்டியிருக்க வேண்டாம், சரி. ஆடம்ஸ் ஆற்றுச் சாக்கைக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிய வருடம், 2022-க்கு அடுத்தது 2026. ஆளுக்கு இரண்டு மீனாவது எடுக்க விடுவார்களா பார்ப்போம். விட்டால் நான் குட்டை நரம்போடு வருவேன், மாட்டாவிட்டாலும் பரவாயில்லை.